பதினோரு விநாடி மௌனம்

நாற்பத்தாறு வயதில் வேலை மாறினேன். மாறினேன் என்று சொல்வது கொஞ்சம் பெருமைக்குத்தான். மணிலாவை ஒட்டிய மாரிகினாவில் ஒரு பல் மருத்துவமனையின் நிர்வாகம் பத்தொன்பது வருடம் என் தலையில் இருந்தது. முன்பதிவு, பஞ்சு, ஊசி, அழுகிற குழந்தை, சண்டைக்கு வருகிற அதன் அம்மா, எல்லாவற்றுக்கும் எதெல்தான், அதாவது நான். ஒருநாள் டாக்டர் வில்லாருஸ் மகளோடு கனடாவில் போய் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டுக் கடையைக் கட்டினார். போகும்போது எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்.

ஓர்டிகாஸில் ஒரு மென்பொருள் கம்பெனி. மருத்துவமனைகளுக்கு முன்பதிவையும் நோயாளி விவரங்களையும் வைத்துக்கொள்ளும் மென்பொருளை விற்கிறது. எங்கள் மருத்துவமனையிலும் கடைசி ஐந்து வருடம் அதுதான் இருந்தது. விளம்பரத்தில் சேல்ஸ் எனேபிள்மென்ட் என்று போட்டிருந்தார்கள். நேர்காணலில், கிளினிக்கில் இருப்பவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அது எனக்குத் தெரியும் என்று வாயை விட்டேன். வேலை என்ன என்று கேட்க மறந்துபோனேன். கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது.

என் கணவர் போயெட் வேன் ஓட்டுகிறார். முதல் நாள் மாலை அவரிடம் விளக்கப்போய் மாட்டிக்கொண்டேன்.

"அப்ப நீ விக்கப்போற."

"நான் விக்கறதில்ல. விக்கறவங்களை விக்க வைக்கறது."

"ஏன், அவங்க விக்க மாட்டேங்கறாங்களா?"

"விக்கறாங்க."

"அப்புறம் நீ எதுக்கு? நான் வேன் ஓட்டறேன். என்னை ஓட்ட வைக்கறதுக்குன்னு பக்கத்துல ஒருத்தர் உட்காந்திருந்தா எப்படி இருக்கும்?"

"இருபது வருஷமா அதானே நான் பண்ணிட்டிருக்கேன்."

எனக்கே அதற்குமேல் தெரியவில்லை.

போகப்போக ஓரளவு பிடிபட்டது. விற்பனைக்கு ஆள் எடுத்தால், அவர்கள் நேராகத் தொலைபேசியைத் தொட முடியாது. முதலில் எங்களிடம் வரவேண்டும். வாடிக்கையாளர் விலை அதிகம் என்றால் என்ன சொல்வது, யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன சொல்வது, இதையெல்லாம் எழுதிக் கொடுத்து, சொல்லிக் கொடுத்து, பரீட்சை வைத்து, மார்க் போட வேண்டும். எண்பது வாங்கினால் தொலைபேசி கையில். மூன்று தடவை தவறினால் வீட்டுக்கு. பரீட்சையில் வாடிக்கையாளராக நடிப்பது நான். வாழ்நாளில் ஒரு பேனா விற்றதில்லை, விற்பவர்களுக்கு மார்க் போடுகிறேன். எனக்கும் ஆறு மாதம் கழித்துத்தான் வேலை நிரந்தரம். அதுவரை நானும் பரீட்சையில்தான் இருந்தேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ரமில். முப்பத்தெட்டு வயது, நல்ல குரல், தலைமுடி கலைந்து நான் பார்த்ததில்லை. விற்பவராக இருந்து மேலே வந்தவர். எப்படி மேலே வந்தார் என்பது என் இரண்டாவது நாளில் தெரிந்தது. காலைக் கூட்டம், வழக்கம்போல ஜெபத்தோடு தொடங்கியது. ஆமென் சொல்லி எல்லோரும் உட்கார்ந்ததும் ரமில் விளக்கை அணைத்தார்.

"இப்ப நீங்க கேக்கப்போறது நம்ம கம்பெனியோட சொத்து. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் பேசின ஃபோன் கால். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை. நாங்க அவங்களுக்கு வெச்ச பேரு சுவர். எதைச் சொன்னாலும் திரும்பி வரும். சுவர் எப்படி விழுதுன்னு கேளுங்க."

ஒலிப்பதிவு ஓடியது. ரமிலின் குரல் தேனாக ஒழுகியது. மறுபக்கத்துப் பெண் சிடுசிடுத்தாள். "ம்." "பாக்கலாம்." "அதெல்லாம் எங்களுக்கு வேணாம்." என்ன பெண் இவள், ஒரு மனுஷன் இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான், ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாயில் இருக்கும் முத்தா உதிர்ந்துவிடும் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அப்போது பின்னணியில், தூரத்தில், "தாஹோ" என்று ஒரு குரல் இழுத்தது. இழுத்துவிட்டு இருமியது.

மணிலாவில் தெருத்தெருவாகத் தாஹோ, அதாவது பாகு ஊற்றிய சோயாத் தயிர், விற்பவரின் குரலை யாரும் காதில் வாங்குவதில்லை. ஆனால் அந்த இருமல் எனக்குத் தெரியும். அது மாங் இஸ்கோ. பத்தொன்பது வருடம் தினமும் எட்டரைக்கு எங்கள் மருத்துவமனை ஜன்னலுக்குக் கீழே இருமியவர். அந்த இருமலுக்குப் பின்னால் பல் குடையும் இயந்திரத்தின் சத்தமும் கேட்டது. அந்தச் சிடுமூஞ்சி நான்தான்.

ரமில் கையை உயர்த்தினார். "இப்ப கவனிங்க. விலையைச் சொல்லிட்டேன். இனிமே நான் வாயைத் தெறக்கலை."

மௌனம். அறையில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பதினோரு விநாடி. பிறகு என் குரல், "சரி, அனுப்புங்க."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"அந்தப் பதினோரு விநாடில அவங்க மனசுல என்ன ஓடியிருக்கும்னு நினைக்கறீங்க?" என்று ரமில் கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பயம் என்றாள் ஒருத்தி. தனிமை என்றான் ஒருவன். வீட்டில் நிம்மதி இல்லாத பெண்ணாக இருக்கும், அதுதான் முடிவெடுக்க இவ்வளவு திணறுகிறாள் என்று இன்னொருவர் சொன்னார். ரமில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நடந்தது இவ்வளவுதான். மாங் இஸ்கோவின் குரல் கேட்டதும் தொலைபேசியை மேஜையில் துணிக்கட்டின்மேல் கவிழ்த்துவிட்டு, ஜன்னலுக்கு ஓடி, "ரெண்டு கப், பாகு நிறைய ஊத்துங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். வந்ததும் சீக்கிரம் முடிக்கவேண்டும் என்று, அனுப்புங்க என்றேன். டாக்டரின் தங்கை தன் மருத்துவமனையில் அதே மென்பொருள்தான் வைத்திருந்தாள். அவள் வைத்திருப்பதையே வாங்கு என்று டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். ரமில் பேசாமலே இருந்திருந்தாலும் வாங்கியிருப்போம். தமாஷ் பண்ணியிருந்தாலும் வாங்கியிருப்போம்.

வீட்டில் சொன்னபோது போயெட் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரித்தார். "வீட்ல நிம்மதி இல்லாதவளா? யாரு அவன் சொன்னது, நம்பர் குடு."

"சிரிக்காதீங்க. நாற்பது பேரு அந்த மௌனத்தை நெட்டுருப் போட்டுட்டிருக்காங்க. அதுக்கு இருபது மார்க்."

"சொல்லிடேன்."

"யார்கிட்ட? அந்தாளை மேல தூக்கிவிட்டதே அதான். எனக்கு இன்னும் நிரந்தரம் ஆகலை."

"அப்ப சொல்லாத."

இந்த மனிதரிடம் யோசனை கேட்டால் இப்படித்தான். ஆனால் என்னாலும் இதற்குமேல் ஒன்றும் யோசிக்க முடியவில்லை. நான்கு மாதம் அப்படியே ஓடியது. பரீட்சையில் உட்கார்ந்திருப்பேன். எதிரில் இருப்பவர் விலையைச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வார். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பதினொன்று எண்ணிவிட்டு, சரி அனுப்புங்க என்பேன். இருபது மார்க் போடுவேன். சில நாள் எனக்கே சந்தேகம் வரும். ஒருவேளை அந்த மௌனம் நிஜமாகவே ஏதோ செய்ததோ, தாஹோ ஒரு சாக்குதானோ என்று. நாற்பது பேர் சேர்ந்து ஒன்றை நம்பினால், நேரில் இருந்தவளுக்கே தலை சுற்றும்.

அப்போதுதான் ஜொவெலின் வந்தாள்.

இலோய்லோவிலிருந்து வந்தவள். முப்பது வயது. ஏழு வருடம் அங்கே ஒரு பேக்கரியில் கல்லாவில் இருந்தவள். கண்டபடி பேசுவாள். கெட்ட பேச்சு இல்லை, இனிப்பான பேச்சு, நிற்காத பேச்சு. மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஜூனில் மகளைச் சேர்க்க இங்கே ஒரு பள்ளியில் இடமும் வாங்கிவிட்டாள். வேலை நிலைத்தால் மகள் மணிலாவுக்கு வருவாள், இல்லையென்றால் இவள் இலோய்லோவுக்குப் போவாள். இதை வேலைக்கு வந்த முதல் பத்து நிமிடத்தில் என்னிடமும் லிஃப்ட்காரரிடமும் சொல்லிவிட்டாள்.

பரீட்சையில் இரண்டு தடவை தவறினாள். இரண்டு தடவையும் மௌனத்தில்தான். முதல் தடவை மூன்று விநாடி தாக்குப்பிடித்துவிட்டு, "மேம், லைன்ல இருக்கீங்களா?" என்றாள். இரண்டாவது தடவை ஐந்து விநாடி. பிறகு என் மருத்துவமனையில் எத்தனை நாற்காலி, நடுவில் யாருக்காவது பல்வலி வந்தால் எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். நல்ல கேள்விகள். ஆனால் மார்க் இல்லை.

"எனக்கு வாய் தானா தெறக்குது, அக்கா" என்றாள், சாப்பாட்டு அறையில். கண் கலங்கியிருந்தது. "எதிர்ல ஒருத்தர் சும்மா இருந்தா எனக்கு பயமா இருக்கு. அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவதோன்னு தோணுது."

"பதினொண்ணுதானடி. விரல் விட்டு எண்ணு."

"எண்ணறேன். அஞ்சாவது விரல்ல கை முடிஞ்சிடுது, வாய் தெறந்துடுது."

வெள்ளிக்கிழமை மூன்றாவது பரீட்சை. அதில் தவறினால் அவள் போகவேண்டியதுதான். மார்க் போடுவது நான். இல்லாத ஒன்றை அவள் செய்யவில்லை என்று நான் அவளை ஊருக்கு அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை ரமிலின் அறைக்குப் போனேன்.

"சர், அந்த மௌனத்துக்கு இருபது மார்க் ஜாஸ்தி. கொஞ்சம் குறைக்கலாமா?"

"எதெல் மேம், அதுல கைவைக்காதீங்க. அந்தப் பதினோரு விநாடிதான் நம்ம டிபார்ட்மென்ட்."

"சர், அந்தச் சுவர் நான்தான்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. முழுக்கச் சொன்னேன். மாங் இஸ்கோவைச் சொன்னேன். ரெண்டு கப், பாகு நிறைய, டாக்டரின் தங்கை, எல்லாம். ரமில் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க ஜன்னல்கிட்ட போயிட்டீங்களா?"

"ஆமா சர்."

"நானும் இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"விலையைச் சொன்னதும் காப்பியைத் தட்டிட்டேன். அடுத்து என்ன பேசணும்னு எழுதியிருந்த தாள் முழுக்க ஊறிப்போச்சு. பட்டனை அமுக்கி சத்தத்தை நிறுத்திட்டு, பக்கத்து சீட்டுல தாள் வாங்க ஓடினேன். திரும்பி வந்தா நீங்க சரிங்கறீங்க."

"அப்ப லைன்ல யாரு சர் இருந்தா?"

"யாரும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஐந்து வருடமாக இந்த மனிதர் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"அப்புறம் ஏன் சர் சொல்லிக்குடுக்கறீங்க?"

"முதல்ல மேனேஜர்தான் கேட்டுட்டு, என்ன பொறுமைடா உனக்குன்னாரு. இல்லைன்னு சொல்ல நேரம் பாத்தேன். அதுக்குள்ள பதவி குடுத்துட்டாங்க." கலையாத தலைமுடியைக் கோதிக்கொண்டு சொன்னார், "கொஞ்ச நாள்ல நானே நம்பிட்டேன் மேம். சில பேருக்கு நிஜமாவே பலிக்குது."

"ஜொவெலினுக்குப் பலிக்கலை சர்."

"தெரியும். ஆனா இதை எடுத்துட்டு அந்த இடத்தை வெறுமனே விட முடியாது. மேல கேப்பாங்க. வேற ஒண்ணு குடுங்க, எடுத்துடறேன்."

என்னிடம் ஏது வேற ஒன்று. பல்லுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்தவள் நான்.

வியாழக்கிழமையே முடிவு பண்ணிவிட்டேன். என்ன ஆனாலும் ஜொவெலினைத் தேற்றிவிடுவது. அவள் எதைச் சொன்னாலும் சரி அனுப்புங்க என்பது. மௌனத்துக்கு இருபதும் போட்டுவிடுவது. கேட்டால் என் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவள் எதிரில் உட்கார்ந்தாள். பதிவு ஓடியது. பரீட்சை எல்லாமே பதிவாகும். முதல் பாதியை அழகாகப் பேசினாள். விலையைச் சொன்னாள். சொல்லிவிட்டு மேஜைக்குக் கீழே விரலை மடக்க ஆரம்பித்தாள். நான் பேசாமல் இருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நெற்றியில் வியர்த்துவிட்டது. எண்ணுடி எண்ணுடி என்று எனக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மேம்" என்றாள். அவ்வளவுதான், போச்சு. "தப்பா நினைச்சுக்காதீங்க. இதை வாங்கணும்னு உங்களுக்கா ஆசை, டாக்டருக்கா?"

எனக்குத் தொண்டையை அடைத்தது.

அன்றைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இதைக் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? எனக்கு அந்த மென்பொருள் வேண்டாம் என்றுதான். பதினான்கு வருடம் என் கையால் எழுதிய அட்டைகள் அலமாரி நிறைய இருந்தன. எந்தக் குழந்தைக்கு எந்தப் பல், யாருக்கு ஊசி என்றால் மயக்கம் வரும், யார் கணவரிடம் சொல்லாமல் வருகிறார், எல்லாம் என் கையெழுத்தில். கணினி வந்த மாதமே பழைய காகிதக்காரனுக்குப் போட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு வருத்தம் இருந்தது என்பதே அந்த வெள்ளிக்கிழமை வரை எனக்குத் தெரியாது.

"டாக்டருக்குத்தான்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. "என்னை யாரு கேட்டா." பிறகு நேற்றைய முடிவு ஞாபகம் வந்து, "சரி, அனுப்புங்க" என்றேன்.

மார்க் தாளில் மௌனம் என்ற இடத்தில் இருபது போட்டேன். அதோடு ரமிலிடம் போனேன். அவர் பதிவை மூன்று தடவை கேட்டார்.

"மேம், இதுல நாலு விநாடிதான் இருக்கு."

"ஆமா சர்."

"அப்புறம் எப்படி இருபது?"

"நீங்க வேற ஒண்ணு கேட்டீங்களே, அதான் இது" என்றேன். வாசலில் நுழையும்வரை அப்படி ஒரு நினைப்பே எனக்கு இல்லை. மாட்டிக்கொண்டவள் எதையாவது பிடித்துக்கொள்வாள் இல்லையா, அப்படி வந்தது.

ரமில் நான்காவது தடவை கேட்டார். எழுந்து நின்று கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஜொவெலின் தேறிவிட்டாள். நடைபாதையிலேயே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே பேசினாள், லிஃப்ட்காரரிடமும் போய்ச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை, ஜெபம் முடிந்ததும் ரமில் விளக்கை அணைத்தார்.

"பழசை மறந்துடுங்க. இனிமே இதான்."

என் குரல் கேட்டது. அதே நான்கு விநாடி, அதே கேள்வி. என் தொண்டை அடைத்த இடத்தில் நிறுத்தினார். "கேட்டீங்களா? அந்த உடைஞ்ச குரலைக் கேட்டீங்களா? அந்தக் கேள்விதான் உடைச்சுது." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். வெளியே வரும்போது இரண்டு பேர் என் கையைக் குலுக்கினார்கள். "மேம், பிரமாதமா நடிச்சீங்க" என்றார்கள். நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது. பான்சிட் நூடுல்ஸ் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். ஜொவெலினின் மகளும் வந்து சேர்ந்து, பான்சிட்டில் இருந்த காரட்டை மட்டும் பொறுக்கித் தின்றாள். ஜொவெலின் முதல் இரண்டு மாதத்திலேயே விற்பனையில் இரண்டாவதாக வந்துவிட்டாள். அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"அந்தக் கேள்வியை எந்த இடத்துல கேக்கற? விலைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"எந்தக் கேள்வி அக்கா?"

"உங்களுக்கா ஆசை, டாக்டருக்கா."

"ஐயோ, அதை நான் கேக்கறதே இல்ல. அன்னைக்கு ஏதோ வாய்ல வந்துது. கேட்டா சண்டைக்கு வந்துட மாட்டாங்களா?"

"அப்புறம் எப்படி விக்கற?"

கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசித்து நான் பார்த்தது அன்றுதான். "தெரியல அக்கா. பேசறேன், வாங்கறாங்க."

இதை ரமிலிடம் சொல்லவில்லை. மார்க் தாள் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. கேள்விக்கு இருபது. அதற்கு முன்னால் நான்கு விநாடிக்கு ஐந்து. வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் என் எதிரில் உட்கார்ந்து, மேஜைக்குக் கீழே நான்கு விரலை மடக்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இதை வாங்கணும்னு உங்களுக்கா ஆசை, டாக்டருக்கா என்கிறார்கள். வியர்க்காதவர்களும் துடைக்கிறார்கள். நானும் தொண்டையை அடைத்துக்காட்ட வேண்டும். முதல் வாரம் தானாக அடைத்தது. இப்போது தண்ணீர் குடித்துவிட்டு அடைக்கிறேன்.

போன வாரம் லெட்டீசியா என்று ஒருத்தி வந்தாள். இருபத்திரண்டு வருடம் வங்கியில் இருந்துவிட்டு வேலை மாறி வந்தவள், என் வயசு. கேள்வியைச் சரியாகக் கேட்டாள், விரலைச் சரியாக மடக்கினாள். நான் குரலை உடைத்து, சரி அனுப்புங்க என்றேன். பதிவை நிறுத்தினேன். அவள் எழுந்து போகவில்லை.

"மேம், ஒரு சந்தேகம். எனக்கு இந்த வேலை சுத்தமா புரியல, அதான் கேக்கறேன். அந்த ரெக்கார்டிங்ல நீங்க சரின்னு சொன்னது அந்தக் கேள்வியாலயா? இல்ல, அந்தப் பொண்ணு பாஸ் ஆகணும்னா?"

நான்கு மாதத்தில் நாற்பது பேர் அந்தப் பதிவைக் கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு குழப்பம். என் முதல் வாரத்து முகம்.

"கேள்வியாலதான்" என்றேன்.

அவள் அதை எழுதிக்கொண்டாள். கீழே ஒரு கோடும் போட்டாள்.